கத்தி வைக்க முதல்

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் வடமராட்சியைச் சேர்ந்த 27 வயது ஆசிரியை. கலியாணமாகவில்லை. சாமத்தியப்பட்டு இரண்டு வருசத்தில் தொடங்கிய மாதாந்த வயிற்று நோ இன்னும் விடவில்லை. முதல் இரண்டு நாளும் சத்தி, தலைச்சுற்று. இப்போது அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற நோ. 19 வயதில் அப்பெண்டிக்ஸ் என்று வெட்டி எடுத்தார்கள். நோ அப்படியே இருந்தது. வயிற்றின் மேலால் இரண்டு முறை ஸ்கான் செய்து ஒன்றுமில்லை என்றார்கள். போன மாதம் தனியாரில் ஒரு நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டினேன். இடது சூலகத்தில் 5 சென்ரிமீற்றர் சொக்லேட் சிஸ்ட், உள்ளே கலங்கல் திரவம், திண்மப் பகுதி இல்லை, என்டோமெட்ரியோசிஸ் என்று றிப்போர்ட். கட்டியை உடனே எடுக்க வேண்டுமாம். சிஏ 125 சோதனை 84 காட்டுகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து அம்மா அழுதுகொண்டிருக்கிறா. லண்டனில் இருக்கும் மச்சாள் இதே வருத்தத்துக்கு அதற்கென்றே உள்ள ஒரு சென்ரருக்குப் போகிறாள். அப்படி ஒன்று யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை? நான் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போக வேண்டுமா? கலியாணப் பேச்சும் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, முதலில் அம்மாவின் அழுகையை நிற்பாட்டுவோம்.

சிஏ 125 ஊரில் ‘கான்சர் ரெஸ்ற்’ என்று பெயரெடுத்துவிட்டது. 35 வரை சாதாரணம் என்பார்கள். சூலகப் புற்றுநோயில் அது ஏறுவது உண்மை. என்டோமெட்ரியோசிஸிலும் ஏறும், கர்ப்பப்பையில் சாதாரணத் தசைக்கட்டி இருந்தாலும் ஏறும், மாதவிலக்கு நாளில் இரத்தம் எடுத்தாலே ஏறும். மனித இனப்பெருக்கத்துக்கும் முளையவியலுக்குமான ஐரோப்பியச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, என்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பாவிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கட்டியின் குணத்தைச் சொல்வது ஸ்கான் படம். உங்கள் வயதுக்கும், உங்கள் றிப்போர்ட்டில் உள்ள விவரத்துக்கும் 84 என்ற எண் எதிர்பார்க்கக்கூடியதே. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அம்மா பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது ‘உடனே’ என்ற சொல். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 5 சென்ரிமீற்றர் சொக்லேட் சிஸ்ட் இந்தக் கிழமைக்குள் எடுக்க வேண்டிய அவசரம் அல்ல. எடுக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை உங்கள் விடயத்தில் இன்னும் தெரியவில்லை.

மலம் கழிக்கும்போது நோகிறது என்று ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற இழையம் அதற்கு வெளியே, சூலகத்திலும் வயிற்று உறையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து அழற்சி உண்டாக்குவதுதான் என்டோமெட்ரியோசிஸ் என்ற இந்த வருத்தம். சூலகத்தில் அது பழைய இரத்தம் நிறைந்த பையாகத் திரளும், அதுதான் சொக்லேட் சிஸ்ட், ஸ்கானில் தெரியும். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஆழமாக ஊடுருவினால் அந்த இடமே பிலாப்பால் பட்ட விரல்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இது மேலோட்டமான ஸ்கானில் தெரியாது. மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்க நோவது அந்த இடத்தைச் சந்தேகிக்க வைக்கிற அடையாளம். சொக்லேட் சிஸ்ட் உள்ளவர்களில் கணிசமானோருக்கு வேறு இடங்களிலும் நோய் இருப்பது தெரிந்த விடயம்.

இப்போது ஒருவர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றைத் தைத்துவிட்டால் என்ன நடக்கும்? றிப்போர்ட் வடிவாக இருக்கும், உங்கள் நோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வருசம் கழித்து இரண்டாம் ஒப்பரேஷன். அது முதலாவதை விடக் கடினம், ஏனென்றால் முதலாவது ஒப்பரேஷனின் தழும்பும் அங்கே ஒட்டியிருக்கும். கட்டியின் சுவரை உரிக்கும்போது அதோடு சூலகத்தின் நல்ல இழையமும் கொஞ்சம் போகும். ஒருமுறை போவதைத் தாங்கலாம். அதே சூலகத்தில் இரண்டு மூன்று முறை கத்தி வைத்தால் முட்டைக் கையிருப்புக் குறையும். உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு விடுவதும் சரிவராது, திரும்ப நிரம்பும். ஆகவே முதல் ஒப்பரேஷன் யாரால், எதையெல்லாம் பார்த்த பிறகு, என்ன திட்டத்தோடு நடக்கிறது என்பதில்தான் உங்களுடைய அடுத்த பத்து வருசமும் தங்கியிருக்கிறது.

அதற்கு முதல் படி நல்ல படம். இங்கேதான் எங்கள் ஊரில் ஒரு சங்கடம் வருகிறது. ஆழமான நோயைத் தேடுவதற்குப் பழக்கப்பட்ட கை யோனி வழியாகச் செய்யும் ஸ்கான் மிகவும் உதவும். கலியாணமாகாத பிள்ளைக்கு அதைப் பற்றிப் பேசவே டொக்டர்மார் கூச்சப்படுகிறார்கள், தாய்மார் ‘ஐயோ வேண்டாம்’ என்கிறார்கள். கடைசியில் யாரும் உங்களிடம் கேட்பதில்லை. மேலால் ஒரு ஸ்கான், ‘நோர்மல்’ என்று ஒரு சொல், அதோடு இத்தனை வருசமும் ஓடிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ‘நோர்மல்’ நோய் இல்லை என்பதற்கான அத்தாட்சி அல்ல.

நீங்கள் 27 வயதுப் பெண். அந்த ஸ்கானை விளக்கிச் சொல்லக் கேட்டு, சம்மதம் என்றால் செய்யலாம். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், அதற்காக யாரும் உங்களைக் கோபிக்கக் கூடாது. மறுத்தால் வழி அடைபட்டுப் போவதில்லை. மலவாசல் வழியாகவும் ஸ்கான் செய்யலாம். இடுப்பு எம்ஆர்ஐ எடுக்கலாம், சூலகக் கட்டியையும் குடலுக்கு அருகிலுள்ள ஆழமான நோயையும் அது நன்றாகக் காட்டும். எம்ஆர்ஐக்குக் கடிதம் எழுதும்போது ‘வயிற்று நோ’ என்று மொட்டையாக எழுதினால் படம் பார்ப்பவர் எதைத் தேடுவது என்று தெரியாமல் பார்ப்பார். ஆழமான என்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மலக்குடல் முன்புறத்தைப் பார்க்கவும் என்று எழுதும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அதோடு சிறுநீரகங்களையும் ஸ்கானில் பார்க்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இது. ஆழமான நோய் சிறுநீர்க்குழாயைச் சுற்றி நெரித்தால் சிறுநீரகம் மெதுவாக வீங்கிப் பழுதாகும், பெரும்பாலும் நோவே இருக்காது. ஐந்து நிமிட வேலை, மேலால் செய்யும் சாதாரண ஸ்கான் போதும்.

இவ்வளவும் நடக்கும்வரை நோவோடு கிடக்க வேண்டும் என்றில்லை. ஒப்பரேஷன் செய்துதான் நோயை நிரூபிக்க வேண்டும் என்ற பழைய நிலைப்பாட்டை அந்த 2022 வழிகாட்டியே மாற்றிவிட்டது. நோயின் கதையும் படமும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கலாம். மெபனமிக் அசிட் போன்ற நோக் குளிசையை நோ உச்சத்துக்குப் போன பிறகு எடுப்பதில் பெரிய பலன் இல்லை. தொடங்கும் அறிகுறி தெரிந்ததும், சாப்பிட்ட பிறகு, சொன்ன நேரத்துக்குத் தொடர்ந்து எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், தொய்வு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஹோர்மோன். இடைவெளி விடாமல் எடுக்கும் சாதாரண கருத்தடைக் குளிசை, டையனோஜெஸ்ற் 2 மில்லிகிராம் குளிசை, நோரெதிஸ்ரறோன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனம் என்று பல உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் உடம்பும் உங்கள் திட்டமும் தீர்மானிக்கும். ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் மாதிரித் தெரிபவர்களும், இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களும் ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை எடுக்கக் கூடாது. டையனோஜெஸ்ற் தொடக்கத்தில் ஒழுங்கில்லாத இரத்தக்கசிவைத் தரும், சிலருக்கு மனச்சோர்வும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் இரண்டாம் மாதமே எறிந்துவிடுகிறார்கள்.

‘கலியாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடைக் குளிசையோ’ என்று வீட்டில் கேட்பார்கள். பாமசிக்காரரும் ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். குளிசையை நிற்பாட்டினால் சூலகம் திரும்ப வேலை செய்யும், அதனால் பிள்ளை பிறக்காமல் போகாது. ஊசி மட்டும் விதிவிலக்கு: நிற்பாட்டிய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருசம்வரை பிந்தலாம். கெதியில் கலியாணம் என்றால் அதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஹோர்மோன்கள் நோவுக்கானவை, பிள்ளைப்பேற்றுக்கான சிகிச்சை அல்ல. குளிசை எடுத்தால் கருப்பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சித்த மருந்து எடுப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், முக்கியமாக ஒப்பரேஷனுக்கு முன்.

இனி மச்சாள் போகும் அந்த சென்ரர். பிரித்தானியாவில் ஆழமான என்டோமெட்ரியோசிஸ் பார்ப்பதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. கட்டடத்தால் அவை நிலையமாகவில்லை. பெண்ணோயியல் நிபுணரோடு குடல் சத்திரசிகிச்சை நிபுணரும் சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மேசையில் இருந்து ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்கிறார்கள். இந்த நோய்க்கென்றே ஒரு தாதி இருக்கிறா, நோயாளி அழைத்தால் தொலைபேசியை எடுப்பது அவதான். மலக்குடல் பக்கத்துச் சிக்கலான ஒப்பரேஷனை ஆண்டுக்குக் குறைந்தது 12 செய்தால்தான் அங்கீகாரம் தொடரும். கை பழக வேண்டும் என்பது ஒரு காரணம், செய்ததைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றது. ஒப்பரேஷனுக்குப் பிறகு நோ எப்படி என்று நோயாளியிடம் கேட்டுப் பதிந்தும் வைக்கிறார்கள்.

அதற்காக லண்டனைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். 2020இல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று விசாரித்தபோது, நோ தொடங்கி நோயின் பெயர் தெரியவர சராசரி 8 ஆண்டு என்று வந்தது. நிலையம் இருந்தும் பெண்கள் அதன் வாசலுக்கு வந்துசேர 8 ஆண்டு.

இங்கே ஏன் இல்லை என்று கேட்டீர்கள். இந்த நோய் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். பருமட்டாகக் கணக்கிட்டாலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் மட்டும் இருக்க வேண்டும். அவர்கள் எங்கே? எங்கள் இலவச சுகாதாரத்தின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறார்கள். குடும்பநல மாதுவின் பதிவேடு கலியாணமான குடும்பங்களைக் கொண்டது. பெண்களின் நோய்களை முன்கூட்டியே தேடும் சுகவனிதையர் கிளினிக் முக்கியமாக 35 வயதையும் 45 வயதையும் தேடி அழைக்கிறது. கலியாணமாகாத, 15க்கும் 30க்கும் இடைப்பட்ட, மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு படுக்கிற பிள்ளை எந்தக் கொப்பியிலும் இல்லை. தாய்சேய் நலத்தில் இந்த நாடு பெரிய பெயர் எடுத்தது பிள்ளை பெறப்போகும் பெண்ணை வீடு தேடிப் போய்க் கவனித்ததால். பிள்ளை பெறாத காலத்துப் பெண்ணை யாரும் தேடிப் போகவில்லை.

என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்குத் தேவை புதிய கட்டடம் அல்ல. 10ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு எப்படியும் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் இரண்டு கேள்வி கூட்டினால் போதும்: மாதவிலக்கு நோவால் பாடசாலைக்கு வராமல் விட்டீரா, நோக் குளிசை எடுத்தும் நிற்கவில்லையா. ஆம் என்றால் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தோடு போக போதனா வைத்தியசாலைப் பெண்ணோயியல் கிளினிக்கில் மாதத்தில் ஒரு பின்னேரம் இடுப்பு நோவுக்கென்று ஒதுக்கப்பட்டால், மந்திகை, சாவகச்சேரி, கிளிநொச்சி வைத்தியசாலைகளிலிருந்தும் அனுப்பலாம். ஒரு தாதியைப் பயிற்றலாம். குடல் சத்திரசிகிச்சை செய்பவரோடு சேர்ந்து ஒரு ஒப்பரேஷன் நாளைப் பகிரலாம். இங்கே செய்யக்கூடியதை இங்கே செய்து, செய்யக்கூடாததை நேரத்தோடு கொழும்புக்கு அனுப்பலாம். ‘செய்யக்கூடாதது எது’ என்பதை எழுதிவைப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த வரம்பு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்து, முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் தீத்தி, படம் எடுத்து ஊரைக் கூட்டுகிறோம். இரண்டு வருசத்தில் அதே பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தால் ‘பொம்பிளைப் பிள்ளை என்றால் தாங்கத்தான் வேணும்’ என்று கதவைச் சாத்துகிறோம். நீங்கள் ஆசிரியை, உங்கள் வகுப்பில் மாதம் ஒருமுறை காணாமல் போகும் பிள்ளையை நீங்கள்தான் முதலில் காண்பீர்கள்.

சரி, நீங்கள் போக வேண்டியது எங்கே? முதலில் அரச வைத்தியசாலைப் பெண்ணோயியல் கிளினிக்குக்கு, தனியார் றிப்போர்ட், பழைய ஸ்கான், அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷனின் நோய் நிர்ணய அட்டை எல்லாவற்றோடும். அந்தக் காலத்தில் வெட்டி எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்த றிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள், அதில் அழற்சி இல்லை என்று இருந்தால் உங்கள் கதை இன்னும் தெளிவாகும். ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதுங்கள்: எந்த நாள், பத்துக்கு எத்தனை நோ, மலம், சிறுநீர், எடுத்த குளிசை, போகாமல் விட்ட வேலைநாள். நெரிசலான கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும்.

ஒப்பரேஷன் என்ற பேச்சு வந்தால் கேளுங்கள்: கட்டியை மட்டுமா எடுக்கப் போகிறீர்கள், கண்ணில் படும் மற்ற நோயையும் எடுப்பீர்களா? சிறு துளை வழியாகச் செய்யும் லப்பரஸ்கோப்பியா, வயிற்றை வெட்டியா? குடலில் இருந்தால் அன்றே குடல் சத்திரசிகிச்சை நிபுணர் வருவாரா, இல்லையென்றால் தொடாமல் மூடிவிட்டு வேறிடத்துக்கு அனுப்புவீர்களா? முன்னதாக முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் சோதனை பார்க்கலாமா? பிறகு நோய் திரும்பாமல் இருக்க எந்த மருந்து? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உடனே பிள்ளை தேடாதவர்கள் ஒப்பரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒன்றரை இரண்டு வருசம் ஹோர்மோன் எடுத்தால் கட்டி திரும்ப வரும் வாய்ப்புக் குறையும். நல்ல நிபுணர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எம்ஆர்ஐயில் மலக்குடலோ சிறுநீர்க்குழாயோ பிடிபட்டிருந்தால் கொழும்புக்குப் போங்கள், தயங்க வேண்டாம். சனல் பண்ணிக் கையிலிருக்கும் காசை முடிக்க முதல், இங்குள்ள நிபுணரின் கடிதத்தோடு அரச வைத்தியசாலைக்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குடலும் சிறுநீர்க்குழாயும் தப்பியிருந்தால், லப்பரஸ்கோப்பியில் கைதேர்ந்தவர் இங்கேயே செய்யலாம். இந்தியா தேவையில்லை என்பது என் எண்ணம். ஒப்பரேஷன் அங்கே நன்றாக நடக்கக்கூடும், ஆனால் இது ஒருநாள் வேலையல்ல. பிறகு வருசக்கணக்கில் உங்களைப் பார்க்கப்போவது இங்கிருக்கும் டொக்டர். அங்கே போகத் தீர்மானித்தால் ஒப்பரேஷன் வீடியோவையும் முழுக் குறிப்பையும் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம்.

கலியாணம். ‘கட்டினால் சரிவரும், ஒரு பிள்ளை பிறந்தால் நோ போய்விடும்’ என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் பலருக்கு ஆறுதல் கிடைக்கும், பிறகு திரும்ப வரலாம். வருத்தத்துக்கு மருந்தாக ஒரு மனிதனையோ ஒரு பிள்ளையையோ தேடுவது அவர்களுக்கும் நியாயமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லத் தேவையில்லை, தரகரிடம் சொல்லவே கூடாது. கட்டப்போகிறவரிடம் நீங்களே நேரே சொல்லுங்கள், கலியாண எழுத்து எழுத முதல். இந்த வருத்தம் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர்வரை கருத்தரிப்பதில் சிரமப்படுகிறார்கள். மற்றவர்கள் தாமாகவே கருத்தரிக்கிறார்கள். சிரமப்படுபவர்களிலும் பலருக்குச் சிகிச்சையால் கைகூடுகிறது. பிந்தினால் ஆறு மாதத்தில் நிபுணரிடம் போங்கள், அவருடைய விந்துப் பரிசோதனையும் அதே நாளில் நடக்க வேண்டும். உறவின்போது நோ வரலாம் என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும். பயந்து விலகுகிறவர் இப்போதே விலகட்டும்.

கடைசியாக ஒன்று. நான் அவசரமில்லை என்று எழுதியதை எல்லா நோவுக்கும் பொருத்த வேண்டாம். மாதவிலக்கு இல்லாத நாளில் திடீரென்று ஒரு பக்கமாகத் தாங்கமுடியாத நோ, காய்ச்சலோடு வயிற்று நோ, மயங்கி விழுதல் இவற்றில் எது வந்தாலும் கட்டி உடைந்தோ முறுகியோ கிருமி தொற்றியோ இருக்கலாம். அன்று கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவானாலும் மந்திகைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ நேரே போய், சொக்லேட் சிஸ்ட் இருக்கிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.